உப்பு போனாலும் களர் போகாது: பழவேற்காட்டு மண்ணின் கதை

வரலாறுன்னா கோட்டை, ராஜா, போர்னு பேசுறது வழக்கம். இன்னைக்கு அந்தக் கோட்டைக்கு அடியில இருக்கிற மண்ணைப் பத்திப் பேசலாம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. அங்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டில் லைட்ஹவுஸ் குப்பம். இங்கே மீன், இறால், நண்டுதான் பிழைப்பு. ஏரியைத் தாண்டி மேற்கே பொன்னேரிப் பக்கம் வந்தால் நெல் வயல். ஆக உப்புத் தண்ணிக்கும் நெல்லுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுது. புயல் அடித்தாலோ, இறால் பண்ணைக்காக மோட்டார் வைத்து உப்புத் தண்ணி இறைத்தாலோ, அந்தக் கோடு நிலத்துக்குள்ளே நகரும்.

நகர்ந்த கோட்டைத் திரும்பப் பழைய இடத்துக்குத் தள்ள முடியுமா? "நல்ல தண்ணி விட்டுக் கழுவினா சரியாயிடும்"னுதான் நமக்குத் தோணும். ஆனால் அடியில் கெட்டிக் களிமண் இருந்தால், வெறும் தண்ணி மட்டும் விடுவது நிலத்தை இன்னும் மோசமாக்கலாம். ஏன்னு பார்ப்போம்.

முதல்ல ரெண்டு சொற்கள்: உவர், களர். பேச்சில் ரெண்டையும் ஒன்றாகவே சொல்லிடுறோம். வேளாண் துறையில் உவர் நிலம்னா உப்பு நிறைந்த நிலம். களர் நிலம்னா மண் துகளிலேயே சோடியம் ஒட்டிக்கொண்ட நிலம். பழைய இலக்கியத்தில் களர் மூன்று விதமா வருது. திருக்குறளில் 'கல்லாமை' அதிகாரத்தில், படிக்காதவர் எதுவும் விளையாத களருக்குச் சமம். 'இடனறிதல்' அதிகாரத்திலோ, களர் என்பது யானையின் கால் புதையும் சேறு. அதில் சிக்கிய யானையை நரி கூடக் கொன்றுவிடும். புறநானூற்றின் 311-ம் பாட்டில், துணி வெளுக்கும் பெண் களர் நிலத்தில் தோண்டிய கிணற்றுத் தண்ணியில் துவைக்கிறாள்.

விளையாத தரிசு, கால் புதையும் சேறு, துணி வெளுக்கும் தண்ணி. மூன்றும் களர் மண்ணுக்கு அப்படியே பொருந்தும். காய்ந்தால் கல் மாதிரி இறுகும். நனைந்தால் குழம்பாகும். அதன் தண்ணியில் சோடியம் கார்பனேட் வகை உப்பு இருந்தால், அதுவே சலவைக்கு உதவும். வேதியியல் பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, மண்ணின் நடத்தையை நம்ம ஆட்கள் கவனித்து வெச்சிருக்காங்க.

இப்போ உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. கால்சியம் அவற்றைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து வைக்கும். கொத்துகளுக்கு இடையில் காற்றும் தண்ணியும் போகும். கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்தால் கொத்து உடையும். துகள்கள் தனித்தனியாகப் பிரிந்து, துளைகளை அடைக்கும். 1954-ல் அமெரிக்க வேளாண் துறையின் ரிவர்சைடு ஆய்வகம் வெளியிட்ட கையேடு 60 இதற்கு எண்கள் தந்தது: மின்கடத்துதிறன் 4-க்கு மேல் போனால் உவர், மண்ணில் ஒட்டியிருக்கும் அயனிகளில் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் போனால் களர்.

இதில் ஒரு தந்திரம் இருக்கு. கடல் தண்ணி புகுந்த நிலத்தில், உப்பு நிறைய இருக்கும்வரை களிமண் கொத்து உடையாது. அதிக உப்பே அதைப் பிடித்து வைக்கும். மழை வந்து உப்பைக் கழுவிய பிறகுதான், ஒட்டியிருக்கும் சோடியம் வேலையைக் காட்டும். மேல்மண் குழம்பும், அடியில் கெட்டிக் களிமண் இருந்தால் அது மூடிபோட்ட மாதிரி அடைத்துக்கொள்ளும். நம்ம தொழிலில் சொன்னால், கெட்ட ஃபைலை டெலீட் பண்ணினதால பழைய வெர்ஷன் திரும்ப வந்துடாது.

இதை நல்லா அனுபவிச்சுப் படிச்சவங்க டச்சுக்காரர்கள். அதே ஆட்கள்தான் 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. அவங்க ஊரில் 1944 அக்டோபரில், போரின்போது நேச நாடுகள் வால்கரென் தீவின் கரைகளைக் குண்டு போட்டு உடைத்தன. வயல்களில் கடல் புகுந்தது. பிறகு 1953-ல் வட கடல் வெள்ளம்; நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தாங்க. ரெண்டு முறையும் நிலத்தை மீட்க அவங்க எடுத்த முக்கிய மருந்து ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். கால்சியம் மண்ணில் ஒட்டும், சோடியம் விடுபடும், தண்ணி அதைக் கீழே கொண்டுபோகும்.

இந்தியாவுக்கும் இது புதுசு இல்லை. 1870-களில் வட இந்தியாவில் கால்வாய்ப் பாசனம் வந்த ஊர்களில் வயல் வெள்ளை பூத்ததை ஆராய அரசு குழு போட்டது. பிரிட்டிஷ் அரசின் வேளாண் வேதியியலாளர் ஜான் வால்டர் லெதர் ஜிப்சம் போட்டுப் பார்த்தார். பலன் இருந்தது, செலவு கட்டுப்படியாகலை. 1969-ல் மத்திய மண் உவர்தன்மை ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கி, அதே ஆண்டு கர்னாலில் அமைந்தது. நம்ம ஊரில், திருச்சியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி களர் நிலத்திலேயே அமைஞ்சிருக்கு. களரைத் தாங்கும் டி.ஆர்.ஒய் வரிசை நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை.

சரி, கையில் ஒரு துண்டு நிலம் இருந்தால் எப்படித் தெரிஞ்சுக்கிறது? மேல்மண்ணை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. ஒரு குழி வெட்டி, களிமண் எந்த ஆழத்தில் தொடங்குதுன்னு பார்க்கணும். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் காய்ந்த சிறு கட்டியை எடுத்து, மழைத் தண்ணி உள்ள கண்ணாடி டம்ளரில் மெதுவாப் போடணும். கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கினால் சோடியம் மேல சந்தேகம். பிறகு மண் பரிசோதனை நிலையம்தான் ஜிப்சம் எவ்வளவு வேணும்னு சொல்லும்.

வைத்தியத்தில் வரிசை முக்கியம். முதல்ல வடிகால். விடுபட்ட சோடியம் வெளியேற வழி இல்லைன்னா ஜிப்சம் வீண். அப்புறம் வரப்பு கட்டி, ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணி தேக்கி வடிக்கணும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழணும். அதன் வேர் அடிமண்ணில் வழி போடும். ஈரத்தில் டிராக்டர் இறக்கினால் மண் இன்னும் இறுகும். ஆழ உழுது அடிக் களிமண்ணை மேலே கொண்டுவந்தால், களரை நாமே விதைத்த மாதிரி. ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணியில் சுமார் 2.5 கிராம்தான் கரையும். அதனால் அடிமண் வரை பலன் போக வருஷங்கள் ஆகும்.

இந்த 'வருஷங்கள்' தான் பழவேற்காட்டில் அரசியலாகுது. 1990-களில் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் வளர்ப்புத் தொழில் கூடாது, மாசுபடுத்தியவரே பாதிப்புக்கான செலவைத் தரணும். 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்து, பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழி திறந்தது.

களிமண் அடைத்துக்கொள்வது குளத்துக்கு லாபம், தண்ணி கசியாது. அதே குணம் வயலுக்கு நஷ்டம். குளத்தை மூடிட்டுப் போகிறவர் உப்பைக் கழுவும் செலவை மட்டும் கணக்கில் காட்டினால், வடிகால், ஜிப்சம், விளையாத வருஷங்கள் எல்லாம் பக்கத்து வயல்காரர் தலையில் விழும். 'உவர்' என்று எழுதினால் ஒரு தொகை, 'களர்' என்று எழுதினால் வேறு தொகை. அதனால் அடுத்த முறை கடலோர நிலம் 'சரியாயிடுச்சு'ன்னு ஒரு அறிக்கை வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அளந்தது உப்பையா, சோடியத்தையா?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.