சிறு விறகும் சங்கிலி ரம்பமும்

புணே நகரின் பழைய பேட்டைகளில் இரண்டு தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தினரைக் கேட்டால், மார்கழிக் குளிரையும் 'பம்பு' என்னும் செப்புப் பாத்திரத்தையும் ஒருசேர நினைவு கூர்வார்கள். உயரமான செப்புக் கலம், அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு குழாய், குழாயினுள் நெருப்பு, சுற்றிலும் நீர். நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் கண்ட பாய்லருக்கு இது நெருங்கிய உறவு. கசபா பேட்டையை அடுத்த தாம்பட் ஆளியில் செம்பு அடிக்கும் கைவினைஞர்கள் இப்பாத்திரங்களைச் சுத்தியால் தட்டித் தட்டி உருவாக்கினார்கள். பேஷ்வாக்கள் காலத்து மரபை அத்தெருவின் சுத்தியல் ஓசை இன்றும் முற்றாக மறக்கவில்லை.

இந்தப் பம்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பெரிய கட்டை அதன் குழாயில் நுழையாது. ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிய சிறு விறகே அதற்கு உணவு. சென்னையில் நாம் விறகுத் தொட்டி என்று அழைத்ததை இங்கே 'வகார்' என்பார்கள். வகாரில் எடைக்கு வாங்கிய விறகை வீட்டு முற்றத்தில் மீண்டும் ஒரு முறை சிறிதாக்க வேண்டியிருந்தது. கோடரி, அரிவாள், ஆப்பு ஆகிய மூன்றுமே அதற்குரிய கருவிகள். ஆப்பசைத்த குரங்கின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, விறகு பிளப்பது விளையாட்டன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விறகின் வரலாற்றில் புணேக்கும் தமிழகத்துக்கும் பொதுவான ஓர் அத்தியாயம் உண்டு. கட்கியில் வாழும் தமிழருக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள தாபோடி நன்கு தெரிந்த இடம். அங்கே இருந்த அரசினர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை 1838-இல் அலெக்சாண்டர் கிப்சன் என்னும் மருத்துவர் ஏற்றார். 1847-இல் அவரே பம்பாய் மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப் பெற்றார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1856-இல், சென்னை மாகாணத்தில் அதே பொறுப்பு ஹியூ கிளெக்ஹார்ன் என்னும் மற்றொரு மருத்துவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டிலேதான் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் முதல் ரயில் ஓடியது. இரும்புப் பாதைக்கு அடியில் இடும் கட்டையும் எஞ்சினுக்கு எரிபொருளும் காட்டிலிருந்தே வந்தன. பின்னாளில் நம் கடற்கரையெங்கும் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு இந்த விறகுப் பசியும் ஒரு காரணம். மரங்கள் குறைந்தால் நீரும் குறையும் என்று அந்த மருத்துவர்கள் அஞ்சினார்கள்.

இனி வேறொரு மருத்துவக் கதையைக் கேளுங்கள். இன்று மரத்தை நொடியில் அறுக்கும் சங்கிலி ரம்பம் காட்டில் பிறந்ததன்று. மருத்துவர் கையில் பிறந்தது! 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகிய இருவரும் எலும்பை அறுப்பதற்குப் பற்கள் கொண்ட சிறு சங்கிலி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அதன் இரு முனைகளையும் கைகளால் மாறி மாறி இழுக்க வேண்டும். 1830-ஐ ஒட்டி ஜெர்மானியரான பெர்னார்ட் ஹைனே, கைப்பிடியைச் சுழற்றினால் சங்கிலி ஓடும்படி அதைத் திருத்தினார். காட்டைக் காக்க முன்வந்தோரும் மருத்துவர். காட்டை வீழ்த்தும் கருவிக்கு வித்திட்டோரும் மருத்துவர். வரலாறு சில வேளைகளில் இவ்வாறு நகைக்கிறது.

சிறு கருவியாகப் பிறந்தது, காட்டுக்குள் சென்றதும் பூதாகாரமாயிற்று. ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டீல் என்பவர் 1926-இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பத்தை அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 64 கிலோ. 1929-இல் வந்த பெட்ரோல் இயந்திரம் சுமார் 46 கிலோ. இரண்டையும் இருவர் பிடித்தே இயக்க வேண்டும். 1950-இல்தான் ஒருவரே தூக்கி இயக்கும் பெட்ரோல் ரம்பத்தை அந்நிறுவனம் வெளியிட்டது. 1959-இல் எடை 12 கிலோவாகக் குறைந்தது. இதற்கிடையே, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரத்தொழிலாளி, ஒரு வண்டின் புழு மரத்தை இடமும் வலமுமாக அரித்துச் செல்வதைக் கூர்ந்து நோக்கினார். அதே முறையில் பற்களை அமைத்து 1947-இல் அவர் விற்பனைக்குக் கொணர்ந்த சங்கிலியின் வடிவமே இன்றளவும் அடிப்படையாக விளங்குகிறது.

பின்னர் கை நடுக்கத்தைக் குறைக்கும் ரப்பர் தாங்கிகளும், ஆபத்தில் சங்கிலியை நிறுத்தும் பிரேக்கும் வந்தன. இறுதியாக லித்தியம் பாட்டரி வந்தது. 64 கிலோவில் தொடங்கிய பயணம், ஒன்றரைக் கிலோ அளவிலான கைரம்பத்தில் வந்து நிற்கிறது. ஸ்டீல் நிறுவனத்தின் இந்தியக் கிளையும் இன்று புணேயை அடுத்த சாக்கணில் இயங்குகிறது.

ஆகவே, தோட்டத்தில் கழித்த கிளைகளையும் மழையில் ஒடிந்து விழுந்த கொப்புகளையும் விறகாக்க விரும்பும் ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பது? 'எது வலியது?' என்பதன்று கேள்வி. 'நம் விறகு எவ்வளவு பருமன்?' என்பதே கேள்வி. ரம்பத்தின் தகடு, அறுக்கும் கட்டையைவிடச் சற்றே நீளமாக இருந்தால் போதும். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் தகடுள்ள பாட்டரி ரம்பம் போதுமானது. தொடைப் பருமனுள்ள கட்டைக்கு 25 அல்லது 30 சென்டிமீட்டர் வேண்டும். நான்கு கிலோ எடையுள்ள பெட்ரோல் ரம்பம் கடையில் இலேசாகத் தோன்றும். அரைமணி நேரம் பிடித்திருந்தால்தான் அதன் உண்மை எடை தெரியும். களைத்த கையே விபத்துக்கு வாயில். பெருவிரல் பருமனான சுள்ளிகளுக்கு ரம்பமே வேண்டாம். அவை சங்கிலியில் சிக்கிச் சாட்டைபோல் முகத்தில் அடிக்கும். அங்கே நம் பாட்டியின் அரிவாளே சிறந்தது.

தகட்டின் நுனியின் மேற்பகுதி கட்டையில் பட்டால் ரம்பம் நம்மை நோக்கித் துள்ளும். ஆதலால் பிரேக் உள்ளதா என்று பார்த்து வாங்குவதும், கட்டையைத் தரையில் காலால் மிதித்து அறுக்காமல் கத்தரி வடிவில் நாட்டிய கால்களின் மேல் வைத்து அறுப்பதும் கட்டாயம். கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்குக் கெட்டியான பூட்ஸும் வேண்டும். சங்கிலி சிராய்களாக உதிர்த்தால் பல் கூர்மையாக உள்ளது. தூளாக உதிர்த்தால் அரத்தை எடுக்கும் வேளை வந்துவிட்டது.

இலேசான ரம்பத்தை நாம் பரிந்துரைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மகாராஷ்டிரத்தின் நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975-இல் இயற்றப்பட்டது. அனுமதியின்றி நகர எல்லைக்குள் மரத்தை வெட்டுவது, அது நம் வீட்டு முற்றத்தில் நின்றாலும், குற்றமாகும். 2021-இல் வந்த திருத்தம், 50 ஆண்டும் அதற்கு மேலும் வயதுடைய மரங்களைப் பாரம்பரிய மரங்களாக மதிக்கிறது. பெரிய ரம்பம் வீட்டில் இருந்தால் கண் பெரிய மரத்தின் மேல் செல்வது மனித இயல்பு. சிறிய ரம்பமோ தன் எல்லையை அறிந்தது. உதிர்ந்ததையும் ஒடிந்ததையும் கொண்டு நிறைவடையும்.

அன்று செப்புப் பம்பின் குறுகிய குழாய் நமக்கு ஓர் அளவைக் கற்பித்தது. சிறு விறகு போதும், குளிப்பதற்கு வெந்நீர் கிடைக்கும் என்றது. பம்பு மறைந்து பாட்டரி ரம்பம் வந்த நாளிலும் அந்த அளவு நம் கையை விட்டுப் போகாதிருத்தல் நலம். நாம் பிழைக்க வந்த மண்ணின் மரங்களுக்கு நாம் காட்டும் நன்றியும் அதுவே.