கேஸ் கீசர்: புதுச்சேரி வீடுகளில்

கேஸ் கீசர் என்பது சமையல் கேஸை எரித்து, குழாயில் ஓடும் தண்ணீரை ஓடும்போதே சூடாக்கித் தரும் சுவர்க்கருவி. குளிர்நாடுகளில் கேஸ் ஹீட்டரைச் சுவரில் மாட்டுவது அறையைச் சூடாக்க. புதுச்சேரியில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை. அதனால் இங்கே அந்த வகைக் கருவி குளிக்கும் வெந்நீருக்காகவே வீட்டுக்குள் வந்தது. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் உருவாக்கிய முதல் உடனடி வெந்நீர்க் கருவியில் புகைபோக்கி இல்லை. இந்தியாவில் விற்கும் சிறிய கீசர்கள் பலவற்றில் இன்றும் இல்லை. ஆபத்தின் வேர் அதுதான்.

குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும். கேஸ் வால்வு திறக்கும். பேட்டரியின் தீப்பொறியில் பர்னர் பற்றும். செப்புக் குழாய்ச்சுருளின் வழியே தண்ணீர் சூடேறி வெளியே வரும். சவ்வைத் தள்ளும் அளவுக்கு அழுத்தம் இல்லாவிட்டால் கீசர் பற்றாது. ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம்தான். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர்கீழே உள்ள மேல்மாடிக் குளியலறையில் பல வேளைகளில் இதுவே சிக்கல்.

மின்சார கீசரில் தெர்மோஸ்டாட் உண்டு. தொட்டித் தண்ணீர் குறித்த சூட்டை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்தும். சாதாரண கேஸ் கீசரில் அந்த வேலை நம் கையில். கேஸ் குமிழும் தண்ணீர்க் குமிழும் சேர்ந்தே சூட்டைத் தீர்மானிக்கின்றன. உள்ளே இருக்கும் வெப்ப சுவிட்ச் அளவுமீறிய சூட்டில் கேஸை நிறுத்துவதற்கு மட்டுமே. விலை கூடிய சில மாடல்களில்தான் வேண்டிய சூட்டைக் குறித்து வைக்கலாம். ஆகவே குழந்தையைக் குளிப்பாட்டும் முன் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்ப்பது கட்டாயம்.

எங்கே மாட்டுவது என்பதே இதில் முதன்மையான கேள்வி. நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரின் சூட்டை 25 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 10 கிலோவாட் வெப்பம் தேவை. அதற்கு மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக கேஸ் எரியும். ஒரு கிலோ கேஸ் முழுமையாக எரிய 12 கனமீட்டருக்கு மேல் காற்று வேண்டும். 7 அல்லது 8 கனமீட்டர் கொள்ளளவுள்ள அடைத்த குளியலறையில் பத்து நிமிடம் எரிந்தாலே, உள்ளிருக்கும் பிராணவாயுவில் ஏறத்தாழ கால் பங்கு தீர்ந்துவிடும். அதன்பின் எரிப்பு குறைபட்டு கார்பன் மோனாக்சைடு பெருகும். இது நிறமற்றது, மணமற்றது; சிலிண்டர் கேஸில் கசிவை அறியக் கலக்கும் நெடி இதைக் காட்டிக்கொடுக்காது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, கிறக்கம், கால் துவளல், மயக்கம் என்று அடுத்தடுத்து வரும். கதவைத் தாழிட்டுக் குளிப்பவரால் உதவிக்கு அழைக்க முடியாமல் போகும். வலிப்பு என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு.

எனவே கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவர வேண்டும். பழைய தமிழ் வீடுகளில் முற்றத்துச் சுவரோ கொல்லைத் தாழ்வாரமோ பொருத்தமான இடம். அடுக்குமாடியில் திறந்த பால்கனி. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு உள்ளே மாட்டுவது இதற்கு ஈடாகாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானதால் தரையோடு தங்கும். சிலிண்டரைப் பள்ளத்திலோ சாக்கடைத் திறப்புக்கு அருகிலோ வைக்கக்கூடாது, நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்புக்குப் போகும் ஓஸை வெட்டி கீசருக்குக் கிளை பிரிப்பதும் தவறு. வாங்கும்போது ஐஎஸ் 15558 என்ற இந்தியத் தர எண்ணைப் பார்க்க வேண்டும்.

கடலோரமானதால் உப்புக்காற்றில் கீசரின் தகடும் திருகுகளும் துருப்பிடிக்கும். கடினமான போர்த்தண்ணீர் செப்புச்சுருளின் உள்ளே சுண்ணாம்புப் படிவாக இறுகும். பர்னரில் தூசி அடைத்தால் நீலச் சுடர் மஞ்சளாகும். எரிப்பு கெட்டதற்கு அது வெளிப்படையான அடையாளம், சர்வீஸ் முடியும்வரை பயன்படுத்தக்கூடாது.

கேஸ் கசிந்தால் அவசர உதவிக்கு 1906. யாரேனும் மயங்கிக் கிடந்தால் கேஸை மூடி, கதவைத் திறந்து, அவரைக் காற்றோட்டத்துக்கு இழுத்துவந்து, ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். கீசர் எரிந்துகொண்டிருந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரம் ஆகும். முழுப் பிராணவாயு கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும்.