45-ஆம் எண்ணும் ஐந்து முதலாளிகளும்

கல்லூரி வளாகங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் சில பழைய ஸ்விட்ச்களிடம், நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்க உதவும் எஸ்என்எம்பி நெறிமுறை வழியாக ‘நீ யார்?’ என்று கேட்டால், 1.3.6.1.4.1.45 என்று தொடங்கும் எண் பதிலாக வரும். முன்னால் உள்ளவை எல்லாக் கம்பெனிகளுக்கும் பொது. 45 மட்டும்தான் தயாரிப்பாளரின் அடையாளம். இணைய எண்களைப் பதிவுசெய்யும் ஐயானாவின் பதிவேட்டில் அந்த எண் சினாப்டிக்ஸ் என்ற கம்பெனிக்குச் சொந்தம். 1994-லேயே தன் பெயரை இழந்துவிட்ட கம்பெனி அது. ஸ்விட்ச்சின் முகப்பில் நார்டெல் என்றிருக்கும், அல்லது அவாயா என்றிருக்கும். உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு மட்டும் தான் பிறந்த வீடு மறக்கவில்லை.

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி மையத்தில் ஸ்விட்ச், வயர்லெஸ், அவற்றுக்கான டெண்டர் எல்லாம் என் பொறுப்பு. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதலில் இந்த எண்ணைத்தான் காட்டுவேன். கேம்பஸ் நெட்வொர்க் வியாபாரத்தின் நாற்பது வருடக் கதை அதற்குள் இருக்கிறது.

ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே வந்த ஆண்ட்ரூ லட்விக், ரொனால்ட் ஷ்மிட் இருவரும் 1985-இல் தொடங்கியது சினாப்டிக்ஸ். தடித்த கோஆக்சியல் கேபிளில் ஓடிய ஈத்தர்நெட்டை, டெலிபோன் ஒயர் போன்ற முறுக்குக் கம்பியில் ஓட வைத்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். 1990-இல் 10பேஸ்-டி தரநிலை வந்ததும் யாருடைய ஹப்பிலும் யாருடைய கார்டையும் மாட்டலாம் என்றாகிவிட்டது. 1994-இல் ரூட்டர் கம்பெனியான வெல்ஃப்ளீட்டும் சினாப்டிக்ஸும் இணைந்து பே நெட்வொர்க்ஸ் ஆயின. 1998-இல் கனடாவின் நார்டெல் சுமார் 910 கோடி டாலர் மதிப்புக்குப் பங்குகளாகக் கொடுத்து அதை வாங்கியது. 2009 ஜனவரியில் நார்டெல்லே திவால் மனு போட்டது. அதன் நிறுவன வாடிக்கையாளர் பிரிவை அவாயா 90 கோடி டாலருக்கு எடுத்தது. 2017 ஜனவரியில் அவாயாவும் திவால் பாதுகாப்பு கேட்டது. அதே வருடம் அதன் நெட்வொர்க்கிங் பிரிவு மட்டும் 10 கோடி டாலருக்கு எக்ஸ்ட்ரீம் நெட்வொர்க்ஸிடம் போய்ச் சேர்ந்தது. எண் ஒன்றே, முதலாளி ஐந்து பேர்.

மற்ற குடும்பங்களின் கதையும் இப்படித்தான். ஈத்தர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்கால்ஃப் 1979-இல் தொடங்கிய 3காம், 2000 மார்ச்சில் பெரிய நிறுவனங்களுக்கான ஸ்விட்ச் வியாபாரத்திலிருந்து திடீரென விலகியது. தன் கோர்பில்டர் ஸ்விட்ச்களை வாங்கி வைத்திருந்தவர்களை எக்ஸ்ட்ரீம் பக்கம் கைகாட்டிவிட்டது. 2010-இல் 3காமே எச்பி கைக்குப் போனது. சிஸ்கோவின் கதை வேறு மாதிரி: அது விற்கப்படவில்லை, வாங்கிக் குவித்தது. வினோத் பரத்வாஜ் தன் மனைவி பெயரில் தொடங்கிய கல்பனா என்ற கம்பெனி 1990-இல் ஏழு போர்ட் கொண்ட முதல் ஈத்தர்நெட் ஸ்விட்ச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1994-இல் அது சிஸ்கோவுக்குள் போயிற்று. கேட்டலிஸ்ட் வரிசைக்கு அடித்தளமிட்ட கிரெசெண்டோவும் அப்படி 1993-இல் வாங்கப்பட்டதுதான்.

கம்பெனி கைமாறுவதால் மட்டும் கல்லூரிக்குக் கஷ்டம் வராது. நாம் எந்த இடத்தில் பூட்டப்பட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்து வரும். அந்தப் பூட்டு ஒரே இடத்தில் நின்றதில்லை. முதலில் கேபிளில் இருந்தது. 10பேஸ்-டி அதைத் திறந்தது. பிறகு இரண்டு ஸ்விட்ச்களை இணைக்கும் டிரங்க்குக்கு வந்தது. ஒரே கேபிளில் பல விலான்களை (தனித்தனி மெய்நிகர் நெட்வொர்க்குகளை) சுமக்க சிஸ்கோ தன் சொந்த ஐஎஸ்எல் முறையை வைத்திருந்தது, 1998-இல் 802.1க்யூ வந்து பொதுவாக்கியது. கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும் முறையும் முதலில் கம்பெனிக்கு ஒன்றாகத்தான் இருந்தது, 2003-இல் 802.3ஏஎஃப் வந்த பிறகு யாருடைய ஐபி போனும் யாருடைய ஸ்விட்ச்சிலும் உயிர் பெற்றது.

வயர்லெஸ் வந்ததும் பூட்டு ஒரு படி மேலே ஏறியது. ஆக்சஸ் பாயின்ட் காற்றில் பேசுவது 802.11 தரநிலை, அதில் சிக்கல் இல்லை. ஆனால் அது தன் கன்ட்ரோலரோடு பேசும் பேச்சு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதைப் பொதுவாக்க 2009-இல் கேப்வாப் நெறிமுறை வெளியானது. ஆனாலும் ஒரு கம்பெனியின் கன்ட்ரோலரில் இன்னொரு கம்பெனியின் ஆக்சஸ் பாயின்ட்டை இணைத்து வளாகம் நடத்துபவரை நான் பார்த்ததில்லை.

அதற்கும் மேலே கிளவுட் லைசன்ஸ். எம்ஐடி மாணவர்கள் தொடங்கிய மெராக்கியை 2012-இல் சிஸ்கோ 120 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் ஒரு லைசன்ஸ் முறையில், காலம் முடிந்தபின் 30 நாள் அவகாசம். அதற்குள்ளும் புதுப்பிக்காவிட்டால் பெட்டிகள் வேலையை நிறுத்திவிடும். பழைய ஸ்விட்ச், தன் கம்பெனி திவாலான பிறகும் பாக்கெட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. இப்படி லைசன்ஸில் ஓடும் பெட்டிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

கைமாறும்போது என்ன நடக்கும் என்பதை ஒரு வயர்லெஸ் கம்பெனி விற்கப்பட்டபோது பார்த்தேன். ஆக்சஸ் பாயின்ட்கள் எப்போதும்போல் விளக்கெரிய ஓடின. ஆனால் புது முதலாளியின் சப்போர்ட் தளத்தில் எங்கள் சீரியல் எண்கள் இல்லை. ஃபர்ம்வேர் டவுன்லோட் செய்யப் போனால் ‘உங்களுக்கு உரிமை இல்லை’ என்றது. வருடாந்திரப் பராமரிப்புக்குப் பணம் கட்டிய பில்லை ஸ்கேன் செய்து அனுப்பினோம். டீலர் டிஸ்ட்ரிபியூட்டரைக் கைகாட்டினார், டிஸ்ட்ரிபியூட்டர் பெங்களூரு ஆபீஸைக் கைகாட்டினார். வீடு கைமாறினால், கொடுத்த அட்வான்ஸுக்காகக் குடியிருப்பவர் புது ஓனரிடம் கையேந்தி நிற்பதுபோல.

கைமாற்றம் இன்னும் நிற்கவில்லை. எச்பியிலிருந்து பிரிந்த எச்பிஇ, 2024 ஜனவரியில் நெட்வொர்க் கம்பெனியான ஜூனிப்பரை சுமார் 1,400 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. எச்பி 2015-இல் வாங்கிய வயர்லெஸ் கம்பெனி ஆரூபா எச்பிஇ-யிடமும், 2019-இல் வாங்கப்பட்ட இன்னொரு வயர்லெஸ் கம்பெனி மிஸ்ட் ஜூனிப்பரிடமும் இருந்தன. டெண்டரில் ஒன்றையொன்று விலை குறைக்க வைத்த இரண்டும் ஒரே கூரைக்குள் போகும் நிலை. அமெரிக்க நீதித்துறை 2025 ஜனவரியில் வழக்குப் போட்டது. இணைந்த கம்பெனியும் சிஸ்கோவும் சேர்ந்தால் அமெரிக்காவின் நிறுவன வயர்லெஸ் சந்தையில் 70 சதவீதத்துக்கு மேல் இருவர் கையில் போய்விடும் என்பது அதன் வாதம். ஜூன் கடைசியில் சமரசம் ஆனது: எச்பிஇ தன் இன்ஸ்டன்ட் ஆன் பிரிவை விற்க வேண்டும், மிஸ்ட் மென்பொருளின் ஒரு பகுதியை மற்றவர்களுக்கு லைசன்ஸ் தர வேண்டும். ஜூலை 2-இல் ஜூனிப்பர் எச்பிஇ வசமானது.

பர்ச்சேஸ் கமிட்டியில் ஒரு பேராசிரியர் எப்போதும் கேட்பார்: “எல்லாத்தையும் ஒரே கம்பெனியில வாங்கிட்டா தொல்லை இல்லையே சார்?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரண்டு கம்பெனிப் பெட்டிகள் இருந்தால், லிங்க் விழும்போது ஒருவர் மற்றவர் மேல் பழியைப் போட்டுவிட்டு டிக்கெட்டை மூடுவார். ஒரே கம்பெனி என்றால் ஒரு போன் போதும். ஆகவே நான் கம்பெனிகளைப் பிரிப்பதைவிடப் பூட்டு இருக்கும் இடத்தைப் பிரித்துப் பார்க்கிறேன். ரேக்குகளுக்கு இடையே ஓடும் எல்லாம் தரநிலை நெறிமுறையாக இருக்க வேண்டும். லைசன்ஸ் முடிந்தாலும் ஸ்விட்ச் அன்றைய நிலையில் ஓட வேண்டும். கம்பெனி கைமாறினால் எங்கள் சீரியல் எண்களையும் மீதியுள்ள சப்போர்ட் காலத்தையும் புது முதலாளி ஏற்க வேண்டும். இந்த மூன்றும் எங்கள் டெண்டரில் இப்போது தனி நிபந்தனைகள். மூன்றாவதைப் பார்த்துச் சில டீலர்கள் முகம் சுளிப்பார்கள். கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்குவதில்லை. 45-ஆம் எண்ணுக்கு ஐந்து முதலாளிகள் வந்த வியாபாரத்தில் ஆறாவது முதலாளியை எதிர்பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.