காஷான் கலங்களும் கலைச்சொற் சிக்கலும்

ஈரானின் காஷான் நகரில் மெருகுக்கலத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அபூதாஹிர் குடும்பத்தில் பிறந்தவர் அபுல் காசிம். மங்கோலிய அரசவையில் வரலாற்றாசிரியராக விளங்கிய இவர், மணிகளையும் நறுமணப் பொருள்களையும் பற்றிப் பாரசீகத்தில் எழுதிய நூலில் மெருகுக்கல உருவாக்கத்திற்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். அதன் காலம் ஹிஜ்ரி 700, கி.பி. 1301. இவருடைய தந்தை அலி 1265இல் செய்த தொழுகை மாடம் வராமீனில் இருந்தது. ஆகவே இப்பகுதி கேள்வியறிவால் எழுந்ததன்று. குடும்ப அறிவின் பதிவாகும்.

கலத்தின் உடலுக்கு அவர் கூறும் கலவை வருமாறு: அரைத்துச் சலித்த படிகக்கல் பத்துப் பங்கு, உருக்கி அரைத்த கண்ணாடி ஒரு பங்கு, வெண்களிமண் ஒரு பங்கு. பன்னிரண்டில் ஒரு பங்கே மண்ணாகிய பொருளை 'மட்பாண்டம்' என மொழிபெயர்த்தல் பொருந்துமா? 'பீங்கான்' என்பதும் இடர்ப்பாடுடையதே. அச்சொல் கிண்ணத்தைக் குறித்த பாரசீகப் 'பிங்கான்' வழி வந்தது. அரபியில் 'ஃபின்ஜான்' என வழங்குவதும் இதுவே. தமிழிலோ அது சீனப் பீங்கானுக்குரிய பெயராக நிலைத்துவிட்டது. சீனக் கலத்தின் வெண்மைக்கு ஈடுகொடுக்கவே ஈரானியர் 12ஆம் நூற்றாண்டில் இக்கலவையை மேற்கொண்டனர். போலச்செய்ததற்கு மூலத்தின் பெயரையே சூட்டினால் அவ்வரலாறே மறைந்துவிடும். 'கற்பொடிக்கலம்' என்பது சற்றுக் கரடுமுரடாயினும் பிழையற்றது.

அபுல் காசிம் பொருள்களின் பொதுப்பெயரோடு தொழிலாளர் வழக்கையும் தருகிறார். படிகக்கல்லைக் கைவினைஞர் 'சர்க்கரைக்கல்' என்றனர். 'லாஜ்வர்த்' எனும் நீலக்கல்லை 'சுலைமானி' என்றனர். லாஜ்வர்த் என்பது லாபிஸ் லசூலியையும் குறிக்குமாதலால் மொழிபெயர்ப்பாளர் இங்கு இடறக்கூடும். காஷானை அடுத்த கம்சர் ஊரில் அது கிடைப்பதாக அவர் கூறுவதே ஐயத்தை அகற்றுகிறது. கம்சரில் அகழப்பட்டது கோபால்ட்டுத் தாது.

பல வண்ணம் தீட்டிய கலங்களை இன்று 'மீனாயி' என்கின்றனர். இது பிற்காலத்தார் இட்ட பெயர். அபுல் காசிமின் சொல் 'ஏழ்வண்ணம்' என்பதே.

பொன்னொளிர் கலங்களுக்கு ஆங்கிலப் பெயர் அவற்றின் மினுக்கத்தால் அமைந்தது. பாரசீகப் பெயரோ செய்முறையால் அமைந்தது. மெருகிட்டுச் சுட்ட கலத்தின்மேல் வெள்ளி, செம்புக் கலவையால் எழுதி, மீண்டும் தனிச்சூளையில் 72 மணிநேரம் இளம்புகையூட்டுவர். அதனால் அவர் அதனை இரு நெருப்புக் கண்டது என்கிறார். தமிழில் 'இருதீக்கலம்' எனலாம்.