வெப்பத்தைப் பார்க்கும் கிணறுகளும் கொழும்புக் கம்பஸும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். குறைகடத்தி அலகு வந்தால் இந்த வரலாற்றைச் சொல்லாமல் நான் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை. இதெல்லாம் வெள்ளைக்காரர் கண்டுபிடித்த சங்கதி என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். காலி வீதியில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் போய்விடக்கூடிய கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களின் பெயர்களும் இதில் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது.

1970இல் ஐபிஎம் நிறுவனத்தில் லியோ எசாகியும் ரஃபேல் சூவும், இரண்டு வகைக் குறைகடத்திகளை மிக மெல்லிய படலங்களாக மாறி மாறி அடுக்கினால் இலத்திரனின் நடத்தையையே நாம் வடிவமைக்கலாம் என்று எழுதினார்கள். 1974இல் பெல் ஆய்வுகூடத்தில் டிங்கிள், வீக்மன், ஹென்றி ஆகிய மூவரும் அதை ஒளியைக் கொண்டே காட்டினார்கள். கலியம் ஆர்சனைட் படலம் ஒன்றை அலுமினியம் கலந்த இரு படலங்களுக்கு நடுவில் வைத்தால், இலத்திரன் அந்த நடுப்படலத்தில் அகப்பட்டுக்கொள்கிறது. நினைத்த சக்தியில் அது இருக்க முடியாது. படிப்படியான சக்தி மட்டங்களே அதற்கு வாய்க்கும். இதுதான் குவாண்டம் கிணறு.

கிணற்றைப் பரிசோதிக்கும் முறை அழகானது. மாதிரியைத் திரவ நைதரசனில் குளிரவைத்து அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். மேலே ஏறிய இலத்திரன் திரும்ப விழும்போது ஒளியை உமிழும். அந்த ஒளியை நிறமாலைமானியில் பிரித்துப் பார்ப்பார்கள். கட்டியான கலியம் ஆர்சனைட் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 870 நனோமீற்றரில் உமிழும். படலம் மெலிய மெலிய அலைநீளம் குறையும். 5 நனோமீற்றர்ப் படலம் என்றால் பதினெட்டு அணுப்படைகள் அளவுதான். அதில் ஒரு படை கூடினாலோ குறைந்தாலோ நிறமாலையின் உச்சி இடம் மாறிவிடும். உச்சி அகன்றிருந்தால் படலத்தின் எல்லை கரடுமுரடாக இருக்கிறது என்று ஊகிக்கலாம். கண்ணுக்கே எட்டாத தடிப்பை அது உமிழும் நிறத்திலிருந்து அளந்துவிடலாம்.

கொழும்பின் பங்கு 1984இல் வருகிறது. கொழும்பில் பௌதிகவியல் பட்டம் பெற்று அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குப் போன காமினி கருணாசிறி, பேராசிரியர் கூனுடன் சேர்ந்து அந்த வருடம் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிணற்றுக்குள் இருக்கும் இலத்திரனைச் செந்நிறக்கீழ்க் கதிர் வெளியே தூக்கிவிட்டால் அது மின்னோட்டமாகும். ஆகவே கிணறு ஒரு வெப்பக் கண்ணாகலாம் என்பது அதன் சாரம். ஒரே கிணற்றின் இரு மட்டங்களுக்கிடையிலான இடைவெளி சிறியது. தகுந்த தடிப்பில் செய்தால் அது 10 மைக்கிரோமீற்றர் அலைநீளத்துக்குப் பொருந்தும். மனித உடல் வெப்பமாக வீசும் கதிரும் அந்த எல்லையில்தான் இருக்கிறது. 1987இல் பெல் ஆய்வுகூடத்தில் லெவினின் குழு அத்தகைய உணரியைச் செய்துகாட்டியது.

கொழும்பில் பட்டம் பெற்று அதே பிற்ஸ்பேர்க்குக்குப் போன இன்னொருவர் சரத் குணபால. அவர் பெல் ஆய்வுகூடத்தில் இருந்துவிட்டு, 1992இல் நாசாவின் ஜெற் உந்துகை ஆய்வுகூடத்தில் சேர்ந்து இந்தக் கிணறுகளைக் கமராக்களாக்கினார். மூன்றாமவர் உனில் பெரேரா. அவருடைய பாதையும் கொழும்பு, பிற்ஸ்பேர்க் வழியாகத்தான் ஜோர்ஜியா வரை போனது. அதே செந்நிறக்கீழ்த் துறையில், வேறொரு மூலப்பொருளான மேர்க்குரி கட்மியம் டெலுரைட்டில் பெயர் பெற்றவர் பேராதனையில் படித்த தமிழரான சிவலிங்கம் சிவானந்தன். அவர் சிக்காகோவில் பணியாற்றினார்.

கருணாசிறியின் கட்டுரை வந்தது, 1983 ஜூலை இனக்கலவரத்தில் வெள்ளவத்தைக் கடைகளும் வீடுகளும் எரிந்த மறுவருடம். படித்த பிள்ளைகள் கையில் கிடைத்ததோடு நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இந்த நாடு எவ்வளவு அறிவை உருவாக்கியது, எவ்வளவை இழந்தது என்பதை நான் இந்த இரண்டு வருடங்களையும் பக்கம் பக்கமாக வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

1994இல் பெல் ஆய்வுகூடத்தில் ஃபைஸ்ற், கபாசோ குழுவினர் கிணற்றின் இந்த வேலையையே மறுபக்கமாகத் திருப்பினார்கள். ஒரே சக்திப் பட்டைக்குள் இலத்திரனைப் படிப்படியாக இறங்கவிட்டு, இறங்கும்போது செந்நிறக்கீழ் லேசர் ஒளியை உமிழச் செய்தார்கள்.

2013 பெப்ரவரியில் ஏவப்பட்ட லான்ட்சற் 8 செய்மதியின் வெப்ப உணரியில் குவாண்டம் கிணற்று அணிகள் மூன்று இருக்கின்றன. 705 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அது 16 நாளுக்கொருமுறை அதே இடத்துக்கு மேலாக வருகிறது. அதன் வெப்பப் படத்தில் ஒரு கட்டம் தரையில் 100 மீற்றர். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் அப்படிச் சில கட்டங்கள்தான் அடங்கும். கொழும்பில் எந்தப் பகுதி கொதிக்கிறது, எங்கே மரநிழல் மிஞ்சியிருக்கிறது என்று ஆராய்கிறவர்கள் இந்தத் தரவை எடுத்துத்தான் படம் வரைகிறார்கள்.

கொட்டாஞ்சேனைத் தகரக்கூரை வீடொன்றில் வேர்த்தபடி படிக்கும் பிள்ளைக்கு இந்த வரலாறு சொந்தமானது. அந்தக் கூரையின் சூட்டை வானிலிருந்து அளக்கும் கருவியின் முதல் யோசனைகளில் ஒன்று, இந்த நகரத்தில் பௌதிகவியல் படித்த ஒருவரிடமிருந்து வந்தது. நம் உயர்தரப் பாடநூலில் எசாகியின் பெயருக்குப் பக்கத்தில் கருணாசிறியின் பெயரும் அச்சாக வேண்டும்.