தாயா, சேயா? : ஒரு வினாவின் வரலாறு

மகப்பேற்று வைத்தியத்தின் வரலாற்றை நோக்குவார்க்கு ஒரு வினா மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். கருவுற்றவள் உயிராபத்துற்ற வேளையில் தாயைக் காப்பதா, சேயைக் காப்பதா என்பதே அது. சமயவாதிகளும் சட்ட அறிஞரும் இதற்கு அளித்த விடைகள் பலவாம். அவற்றைத் தொகுத்துரைப்பது எமது நோக்கமன்று. அவ்வினா யாரை நோக்கி விடுக்கப்பட்டது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1811 ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாரிஸ் அரண்மனையில் அரசி மரி லூயிஸின் பிரசவம் இடர்ப்பட்டபோது, வைத்தியர் துபுவா பேரரசன் நெப்போலியனை அணுகினார். தாயைக் காக்குமாறு அவன் பணித்தான். தாயும் மகனும் பிழைத்தனர். ஆண்வாரிசு வேண்டியே முதல் மனைவியை விலக்கி மறுமணம் புரிந்தவன் இவ்வாறு விடையிறுத்தமை வியப்புக்குரியதே. எனினும், வினவப்பட்டவன் கணவன். கட்டிலிற் கிடந்தவள் அல்லள் என்பது நோக்கற்பாலது.

அக்காலத்தில் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தல் பெரும்பாலும் தாயின் மரணத்திலேயே முடிந்தது. ஆதலின் இடுப்பெலும்பு ஒடுங்கியவிடத்துச் சிசுவின் தலையைச் சிதைத்து வெளியேற்றித் தாயைக் காப்பதே பிரித்தானிய வைத்தியரின் வழக்கமாயிற்று. கத்தோலிக்க இறையியலாளர் இதனை எதிர்த்தனர். அம்முறை கற்பிக்கத்தக்கதன்று என 1884 இல் உரோமாபுரி தீர்ப்பளித்தது. (மானிப்பாயிலே தமிழில் மேனாட்டு வைத்தியம் கற்பித்த கிறீன் வைத்தியர் 1857 இல் வெளியிட்ட பிரசவ வைத்திய நூல், டப்ளின் வைத்தியர் மோன்செலின் நூலினது தமிழாக்கமே. அத்தீவுகளின் மகப்பேற்று மரபு எமக்கும் அந்நியமானதன்று.) இதற்கிடையில், 1882 இல் ஜேர்மனிய வைத்தியர் சேங்கர் கருப்பையின் கீறலை முறையாகத் தைக்கும் வழியை வெளியிட்டார். அறநூலார் நெடுங்காலம் வாதித்தும் தீராத பிணக்கினை ஊசியும் நூலும் பெருமளவு தீர்த்துவைத்தன எனின் மிகையாகாது.

ஆனால், இடர் பிரசவத் தடையால் அன்றித் தாயின் நோயாலேயே நேருமாயின் ஊசியும் நூலும் உதவமாட்டா. 1987 ஆம் ஆண்டு யூன் மாதம் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் நிகழ்ந்ததை இவ்விடத்துச் சற்று விரித்துரைத்தல் தகும்.

அஞ்சலா கார்டர் என்பவர் பதின்மூன்று வயதிலேயே புற்றுநோய்க்கு ஆளாகிப் பல சிகிச்சைகளின் பின் தேறி, மணம்புரிந்து கருவுற்றவர். கரு ஏறத்தாழ 25 வாரமாயிருக்கையில் அவரது நுரையீரலிற் கட்டியொன்று காணப்பட்டது. 28 வாரம் வரை தம் உயிரை நீடிக்கும் சிகிச்சைக்கு அவர் இணங்கினார். அவ்வளவில் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு மிகும். ஆனால் 26 ஆம் வாரத்திலேயே அவர் மரணப்படுக்கையில் வீழ்ந்தார். வைத்தியசாலை நிருவாகம் நீதிமன்றை நாடியது. நீதிபதி வைத்தியசாலைக்கே வந்து விசாரணை நடத்தினார். சிசுவுக்கெனத் தனியே ஒரு சட்டத்தரணி நியமிக்கப்பட்டார். சிசு பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 50 முதல் 60 எனச் சாட்சியம் கூறப்பட்டது. சத்திரசிகிச்சை செய்யுமாறு கட்டளை பிறந்தது.

அதன் பின்னரே கட்டளை அவருக்கு அறிவிக்கப்பட்டது. முதலில் அவர் இணங்கினார் என்றனர். அமர்வைக் கட்டிலருகே மாற்றலாமா என நீதிபதி வினவ, வைத்தியர்கள் அதனை விரும்பவில்லை. அவர்கள் மீண்டும் சென்று கேட்டபோது, தொண்டையிற் குழாய் செருகியிருந்தமையால் குரலெழாத அப்பெண், தமக்கு அது வேண்டாம் என்று உதடுகளை மட்டும் அசைத்து ஒருமுறைக்கு மேற் கூறினார். அவரது எண்ணம் இன்னும் தெளிவாகவில்லை எனக் கூறி நீதிபதி கட்டளையை உறுதிப்படுத்தினார். மேன்முறையீடு தொலைபேசி வழியே கேட்கப்பட்டு மறுக்கப்பட்டது. பிறந்த பெண்மகவு சில மணி நேரத்துள் இறந்தது. தாய் இரண்டு நாளின் பின் இறந்தார்.

அந்நீதிபதியைக் கொடியவர் எனக் கூற நாம் ஒருப்படோம். அவருக்குக் கிடைத்தவை சில மணித்தியாலங்களே. உண்மையான தவறு அதற்குச் சில நாள் முன்னரே நிகழ்ந்துவிட்டது என்பது எமது துணிபு. 28 வாரத்திற்கு முன்னரே நிலை மோசமாயின் யாது செய்யலாம் என, அப்பெண் தெளிவாகப் பேசக்கூடிய நிலையிலிருந்தபோது எவரும் கேட்டு வைக்கவில்லை. தாயா, சேயா என்ற வினாவை எழுப்பியோர் பலர். அதனை உரியவளிடம் உரிய காலத்தில் எழுப்பியோர் இலர்.

1990 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றின் முழு ஆயம் அக்கட்டளையை நீக்கியது. ஏறத்தாழ எல்லா நிலைமைகளிலும் முடிவு நோயாளியினுடையதே; அவர் முடிவெடுக்க இயலாதவராயின், அவர் எதை விரும்பியிருப்பார் என்பதே ஆராயப்பட வேண்டும் என அது விதித்தது. உறவினன் ஒருவனுக்கு எலும்பு மச்சை வழங்க மறுத்தவரைக் கட்டாயப்படுத்த இயலாது என 1978 இற் பிற்ஸ்பர்க்கில் அளிக்கப்பட்ட தீர்ப்பும் எடுத்துக்காட்டப்பட்டது. பிறர்க்காகத் தன் உடலைக் கீறக் கொடுக்குமாறு ஓர் ஆடவனைப் பணிக்க முடியாதெனின், சாகக் கிடக்கும் தாயை மட்டும் எங்ஙனம் பணிக்கலாம்? இவ்வொப்புமையை ஏலாதாரும் உளர். அவ்வாயத்திலேயே ஒரு நீதிபதி, சிசுவின் நலனும் நிறுத்துப் பார்க்கப்பட வேண்டுமென ஓரளவு மாறுபட்டார்.

அயர்லாந்தின் கதை வேறு. அங்கு 1983 இல் அரசியலமைப்பில் எட்டாந் திருத்தம் புகுத்தப்பட்டுத் தாயின் உயிருக்கும் கருவின் உயிருக்கும் சமவுரிமை அளிக்கப்பட்டது. 2012 ஒக்டோபரில் கோல்வே நகரில், இந்தியாவிலிருந்து குடியேறிய பல்வைத்தியர் சவிதா ஹலப்பனாவர் 17 வாரக் கருவுடன் வைத்தியசாலை புகுந்தார். பன்னீர்க்குடம் உடைந்தது, கரு பிழைக்காதெனத் தெரிந்தது. கருவை அகற்றுமாறு அவரே கேட்டார். சிசுவின் இதயத்துடிப்பு உள்ளவரை இயலாது எனப்பட்டது. குருதியில் நச்சுத்தொற்றுப் பரவியமை உரிய வேளையில் உணரப்படவுமில்லை. அக்டோபர் 28 இல் அவர் இறந்தார். இங்கு நோயாளி தெளிவாகப் பேசினார். அவர் குரலைச் செயலாக்கச் சட்டம் இடந்தரவில்லை. 2018 மே 25 இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பில் 66.4 வீதத்தினர் அத்திருத்தத்தை நீக்க வாக்களித்தனர்.

எமது தீவின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நோக்குடன் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கருச்சிதைவை மட்டுமே குற்றத்தினின்று விலக்குகின்றது. உயிராபத்து எந்த நாளில், எந்த அளவில் தொடங்குகிறதென அப்பிரிவு வரையறுக்கவில்லை. கோல்வேயில் வைத்தியர்கள் காத்திருந்ததும் அந்த நாளுக்காகவே.