கோல்ப் ஆட்டத்தில் தண்டமுறை: ஒரு வரலாற்று நோக்கு

நுகேகொடையிலிருந்து மருதானைக்குப் புகையிரதத்திற் செல்வோர், பொரளைப் பகுதியிற் பாதையின் இருமருங்கும் பரந்த பசும்புற்றரையைக் காண்பர். அதுவே கொழும்பு றோயல் கோல்ப் கழகத்தின் ஆடுகளம். 1879 இல் தோன்றிய இக்கழகத்தார் முதலிற் காலிமுகத்திடலில் ஆடினர். 1896 இல் பொரளையிலுள்ள றிட்ஜ்வே களத்துக்குப் பெயர்ந்தனர். 1928 இல் 'றோயல்' என்னுஞ் சிறப்புப்பெயர் பெற்றனர். ஆங்கிலேயர் ஆட்சியோடு ஈழத்துக்கு வந்த இவ்வாட்டத்தில், ஆடுவோர் ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து பிழை காணும் நடுவர் பெரும்பாலும் இலர். அங்ஙனமாயின் தண்டம் விதிப்பவர் யார்? இவ்வினாவுக்கு விடை காண அவ்வாட்டவிதிகளின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழைய விதித்தொகுதி, 1744 இல் எடின்பரோ நகரக் கனவான்கள் லீத் என்னுமிடத்து நிகழ்ந்த வெள்ளிக்கோற் போட்டிக்கென வகுத்ததாகும். அதன்கண் உள்ளவை பதின்மூன்று விதிகளே. பந்து நீரில் வீழ்ந்தால் அதனை வெளியே எடுத்து ஆடலாம். ஆயின் எதிரிக்கு ஓரடி ஈதல் வேண்டும். பந்து தொலைந்தால் முன்னர் அடித்த இடத்துக்கு மீண்டு வேறு பந்தை ஆடவேண்டும்; அதற்கும் ஓரடி ஈடு. மனிதரோ குதிரையோ நாயோ பந்தைத் தடுத்தால், அது கிடந்த இடத்திலிருந்தே ஆடுதல் வேண்டும்.

1899 இல் சென் அன்றூஸ் கழகம் பொதுவிதிகளைத் தொகுத்தது. 1952 இல் அதுவும் அமெரிக்கச் சங்கமும் ஒரே விதித்தொகுதியை ஏற்றன. 2019 இற் பெருந்திருத்தம் நிகழ்ந்தது. தொலைந்த பந்தைத் தேடுங் காலம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. தேடும்போது தற்செயலாகப் பந்தை அசைத்தற்கு இருந்த தண்டமும் நீங்கிற்று.

இவ்விதிகளை ஆராய்வார்க்கு ஓர் உண்மை புலனாகும். பந்து நீரில் வீழ்தலும், எல்லை கடத்தலும், தொலைதலும் இடர்கள். அவற்றுக்குத் தண்டம் ஓரடியே. எல்லை கடந்தாலும் தொலைந்தாலும் பழைய இடத்துக்கு மீளவும் வேண்டும். பிறர் பந்தை ஆடுதல், மணற்குழியிற் பந்தின் பின்புறத்து மணலைக் கோலால் தொட்டுச் சோதித்தல் ஆகியன பிழைகள். அடியெண்ணி ஆடும் போட்டியில் இவற்றுக்கு இரண்டடி, குழிக்குக் குழி எதிரியோடு ஆடும் போட்டியில் அக்குழியே இழப்பு. பெற்ற எண்ணிக்கையைக் குறைத்தெழுதி அட்டையிற் கையொப்பமிடுதலோ, பொதுவாகப் போட்டியினின்றே நீக்குவிக்கும். கூட்டியெழுதினால் அவ்வெண்ணே நிலைக்கும். 1968 இல் அமெரிக்க 'மாஸ்ரர்ஸ்' போட்டியில் ஆர்ஜென்ரீன வீரர் றொபேட்டோ டி விசென்சோ பதினேழாங் குழியில் மூன்றடியே அடித்தார்; உடன் ஆடியவர் நான்கென எழுதியதை நோக்காது கையொப்பமிட்டார். அவ்வோரடியால், முடிவுகாண் ஆட்டத்துக்குரிய வாய்ப்பை இழந்தார்.

எனினும் விதியின் உயிர் அட்டையில் இல்லை. 1925 இல் அமெரிக்கத் திறந்த போட்டியிற் பொபி ஜோன்ஸ், வேறெவருங் காணாவிடத்தும் தம் பந்து அசைந்ததெனக் கூறித் தம்மீது ஓரடி விதித்துக்கொண்டார். இறுதியில் எண்ணிக்கை சமமாகி, மேலாட்டத்தில் தோற்றார். அவ்வோரடி இன்றேல் வெற்றி அவருடையதே.

தன் நெஞ்சே தனக்குச் சான்று என்னும் நெறி நம் அறநூல்களுக்குப் புதிதன்று. இடரையும் பிழையையும் பிரித்தறிந்து, இடருக்குச் சிறிதும் பிழைக்குப் பெரிதுமாகத் தண்டம் வகுத்தலே நல்ல விதியின் இலக்கணம். அத்தண்டத்தைக் காவலர் இல்லாவிடத்துந் தானே ஏற்றல், விதியைக் கற்றதன் பயனாகும். தேர்வு மண்டபத்தில் மேற்பார்வையாளர் முகந்திரும்பிய கணத்திலும் நம் மாணவர்பால் நாம் வேண்டுவது இதுவேயன்றோ?